ஆள் இல்லாத பக்கம்

தொடாதீங்க சவரிமுத்து. ஒரு நிமிஷம். ஏணியை விட்டு இறங்கிடுங்க. பிரைமர் டப்பாவைத் திறந்தாச்சா? மூடி வைங்க, ஒன்றும் கெட்டுப்போகாது. பெயிண்ட் அடிக்க வாங்க என்று நான்தான் கூப்பிட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தை இன்னும் ஒரே ஒரு தடவை தேய்க்க வேண்டியிருக்கு. அதோ, சீலிங்கில், ஃபேனுக்கும் கதவுக்கும் நடுவில். உங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் எனக்குச் சந்தோஷம்தான். என் கண்ணுக்குத் தெரியுதே, நான் என்ன செய்யட்டும்?

இந்த டார்ச்சைப் பிடிங்க. அப்படி நேராக அடிக்கக் கூடாது. சீலிங்கோடு ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் அடிக்கணும். இப்போது பாருங்க. பழைய காரையும் நான் வைத்த பட்டிப் பூச்சும் சேருகிற இடத்தில் ஒரு கோடு ஓடுதா? தலைமுடி கனம்கூட இருக்காது. ஆனால் நிழல் விழுது பாருங்க. வெள்ளை அடித்த பிறகு அது இன்னும் எடுத்துக் காட்டும். உங்களுக்குத் தெரியாததா?

சிரிக்காதீங்க. மூன்றாவது தடவையாக உங்களைத் திருப்பி அனுப்பப் போகிறேன் என்று நினைக்கிறீங்க. பொங்கலுக்கு முன்னால் வந்தீங்க, ஈரம் இருக்கு என்றேன். போன செவ்வாய்க்கிழமை வந்தீங்க, மேடு தெரியுது என்றேன். இன்றைக்கு அனுப்ப மாட்டேன். அரை மணி நேரம் கொடுங்க. உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி நானே தேய்த்துவிடுகிறேன். நீங்க அந்த நாற்காலியில் உட்காருங்க. கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோங்க, தூள் விழும். ஃபிளாஸ்கில் டீ இருக்கு. சர்க்கரை தூக்கலாக இருக்கும். எழுபத்தோரு நாளாக நானேதான் போட்டுக் குடிக்கிறேன், இன்னும் அளவு பிடிபடவில்லை.

எழுபத்தோரு நாள் என்ன கணக்கு என்று நீங்க கேட்க மாட்டீங்க. மரியாதை தெரிந்தவர். நானே சொல்றேன். என் வீட்டுக்காரி இந்திராணி, துறையூரில் தம்பி வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள். எதற்காக? இந்த ஓட்டைக்காக. ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்குமா, இந்த ஓட்டைக்காக. முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவள். நான் குடிக்கிறவன் இல்லை, கை நீட்டுகிறவன் இல்லை. எங்களுக்குள் சண்டையென்று ஒன்று வந்ததே இல்லை. சண்டை போட நேரம் ஏது? சீலிங்கில் காரை பெயர்ந்து விழுந்தது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

"அந்த ஓட்டைய அடைச்சு, வெள்ளை அடிச்சு முடிச்சதும் சொல்லுங்க. பாக்கலாம்" என்றாள் போகும்போது. பாக்கலாம். அதுதான் அவள் விட்டுப்போன வார்த்தை. அதனால்தான் சொல்றேன், அடித்தால் ஒழுங்காக அடிக்கணும். நீங்க பிரஷை எடுத்துவிட்டால், சாயங்காலம் நான் அவளுக்குப் போன் பண்ணி முடிஞ்சது என்று சொல்லியாகணும். முடிஞ்சது என்று சொன்ன பிறகு எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் மிச்சமிருக்காது. வருவாள். வராமல் எங்கே போவாள்? வரத்தான் போகிறாள், அதற்கு என்ன அவசரம்? கோடு மறையட்டும்.

நான் பால் பண்ணையில் பாக்கெட் போடும் பிரிவில் இருக்கிறேன், தெரியுமில்லையா. இருபத்து மூன்று வருஷமாக நைட் ஷிஃப்ட்தான். ராத்திரி ஒன்பது மணிக்குப் போனால் காலையில் ஆறரைக்கு வருவேன். பகல் ஷிஃப்டுக்கு வருகிறாயா என்று இரண்டு தடவை கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். பகலில் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பார்கள். ராத்திரியில் மெஷின் சத்தம் மட்டும்தான். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். மெஷினையும் யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்தே பழகினேன். இன்றைக்குச் சத்தத்தை வைத்தே எந்த பெல்ட் தளர்ந்திருக்கு என்று சொல்லிவிடுவேன். ஒழுகுகிற பாக்கெட்டை மற்றவர்கள் அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். நான் விளக்குக்கு எதிரே பக்கவாட்டில் ஒரு தடவை சாய்ப்பேன், போதும். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பிடித்துவிடுவேன். குணசீலன் கண்ணுக்குத் தப்பி ஒரு பாக்கெட் வெளியே போகாது என்று சூப்பர்வைசரே சொல்வார். வீட்டில் வந்து இதைச் சொன்னேன். "ஆமா, பாக்கெட்டுன்னா பாத்துடுவீங்க" என்றாள் இந்திராணி. அது பாராட்டா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த அறையைப் பாருங்க. ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்பு சார்ட் தாள் ஒட்டியிருப்பது என் வேலைதான். பகலில் தூங்குகிறவனுக்கு வெளிச்சம் ஆகாது. தாள் போதாதென்று கண்மேல் ஒரு துண்டையும் போட்டுக்கொள்வேன். எட்டு மணிக்குப் படுத்தால் இரண்டு மணிக்கு எழுந்திருப்பேன், எழுந்த கையோடு வெளியே போய்விடுவேன். வீட்டுக்குள் எனக்கு இருப்புக் கொள்ளாது. "ஒரே ஒரு கண்ணாடியிலயாவது தாள எடுங்களேன், புடவை மடிக்கக்கூட வெளிச்சம் இல்ல" என்று ஒரு தடவை கேட்டாள். "நான் தூங்க வேணாமா?" என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை. ஹாலில் வைத்து மடிக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதானே, எதற்கும் ஒரு வழி இருக்கத்தான் செய்யுது.

கட்டில் ஒன்றுதான். ஹாலில் சாய்த்து வைத்திருக்கே, அதுதான். அது கிடந்த இடம் இது. நாலு காலும் பதிந்த தடம் தரையில் தெரியுது பாருங்க. ஒரே கட்டில், இரண்டு ஷிஃப்ட். பகலில் எனக்கு, ராத்திரியில் அவளுக்கு. சுவர்ப் பக்கம் அவளுடையது, கதவுப் பக்கம் என்னுடையது. கல்யாணமான புதிதில் பிரித்துக்கொண்டது, நான் அப்போது பகலில் வேலை பார்த்தேன். ஃபேனைக் கவனிங்க, சுவர்ப் பக்கம் தள்ளித்தான் மாட்டியிருக்கு. காற்று முழுக்க அங்கேதான் விழும். அதை அவளுக்கு நான்தான் விட்டுக்கொடுத்தேன். கதவுப் பக்கம் படுத்தால் வேர்த்துக் கொட்டும். இருந்தாலும் என் பக்கத்தை விட்டு நான் நகர மாட்டேன். பகலெல்லாம் பாதிக் கட்டில் காலியாகக் கிடக்கும், காற்று அங்கே வீணாக விழும், நான் என் பக்கத்தில்தான் படுப்பேன். ஒழுங்கு என்று ஒன்று இருக்கில்லையா?

காரை விழுந்தது ஐப்பசி மழையில். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கி, உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, காரையைத் தள்ளிவிட்டது. மேலே விரிசலையெல்லாம் இப்போது அடைத்தாச்சு. விழுந்தது ராத்திரியில். நான் பண்ணையில். காலையில் வந்தேன், குளித்தேன், இட்லி சாப்பிட்டேன், துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்தேன். படுக்கை எப்போதும் போலச் சுத்தமாக இருந்தது. விரிப்பு மட்டும் வேறு. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதினொரு நாள், சவரிமுத்து. பதினொரு நாள் அந்த ஓட்டைக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் துண்டு நழுவி, கண்ணில் மண் விழுந்தது. எழுந்து லைட்டைப் போட்டேன். மேலே கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்குது. "இந்திரா!" என்று கத்தினேன். சமையலறையிலிருந்து வந்து வாசல்படியில் நின்றாள்.

"இது எப்ப விழுந்துச்சு?"

"பதினோரு நாளாச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்க தலைக்கு மேலதான இருக்கு. பாப்பீங்கன்னு இருந்தேன்."

எப்படிப் பதில் பாருங்க. கண்ணை மூடித் தூங்குகிறவன் எப்படிப் பார்ப்பான்? எனக்குக் கோபம்தான் வந்தது. அடக்கிக்கொண்டேன். சிரித்தேன்கூட. "சரி விடு, நல்ல வேளை. என் பக்கத்துலதான விழுந்திருக்கு. ராத்திரியில ஆள் இல்லாத பக்கம். உன் பக்கம் விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்து நான் கண்டதில்லை. குக்கர் விசில் அடித்தது. உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பெட்டி கட்டினாள்.

சொல்லக் கூடாது, ஆனால் அந்தப் பதினொரு நாளும் அவள் ஒழுங்காகவே இல்லை. துணியைக் கொடியில் போடாமல் நாற்காலி முதுகில் போட்டு வைத்தாள். தலை பின்ன எதிர் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். "ஏன், நீ சின்னப் புள்ளையா? தலை பின்ன ஆள் வேணுமா?" என்று கேட்டேன். "ஆமா, புள்ளைதான்" என்றாள். பரண்மேல் இருந்த குண்டானை எடுத்துத் தரச்சொல்லி என்னை எழுப்பினாள். என்றைக்கும் என்னைத் தூக்கத்தில் எழுப்பாதவள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து படுத்தால், என் தலையணையில் தைல வாசனை. எனக்குத் தைல வாசனை ஆகாது, தலை வலிக்கும். தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

தலையணை விஷயம் இன்றைக்கு நேற்று வந்ததில்லை. வருஷக்கணக்காக என் தலையணையில் அவளுடைய நீள முடி ஒன்றிரண்டு கிடக்கும். காலையில் படுக்கையைத் தட்டிப் போடும்போது மாற்றி வைத்துவிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். "எது யாரோடதுன்னு ஒரு அடையாளம் தச்சு வையேன்" என்றேன். என் உறை ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு சின்னப் பூ தைத்தாள். அழகாகத்தான் தைத்தாள். அதற்கப்புறமும் முடி கிடந்தது. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்க. ம். இன்னும் இருக்கு.

நீங்க வேலைக்காரர், உங்களிடம் மறைக்க என்ன இருக்கு? முதல் தடவை நானே சிமெண்ட் குழைத்து, ஒரே அப்பாக அப்பிவிட்டேன். கரணையால் தடவினேன், கண்ணாடி மாதிரி இருந்தது. இறங்கி நின்று இடுப்பில் கை வைத்து ரசித்துக்கொண்டிருந்தேன். மொத்தமும் பொத்தென்று காலடியில் விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலம் போனில் அவளிடம் சொன்னேன். "அடி பட்டுச்சா?" என்று கேட்டாள் உடனே. "எனக்கென்ன, சிமெண்டுதான் வீணாப்போச்சு" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் பக்கத்து பிளாக்கில் பூச்சு வேலை நடந்தது. அங்கே போய் அரை நாள் நின்றேன். "என்னா சார், சித்தாள் வேலைக்கு வர்றீங்களா?" என்று அந்தக் கொத்தனார் கிண்டல் பண்ணினார். "வேலைய செய்ங்க, நான் பாக்குறேன்" என்றேன். பார்த்தே கற்றுக்கொண்டேன். ஓட்டையைச் சுற்றித் தட்டிப் பார்த்து, பொள்ளலாகச் சத்தம் வருகிற காரையையெல்லாம் கொத்தி எடுக்கணும். கம்பியைத் தேய்த்துத் துருவைப் போக்கணும். ஒட்டுவதற்கென்று ஒரு திரவம் விற்கிறார்கள், பார்த்தால் பால் மாதிரியே இருக்கும், அதைத் தடவணும். சிமெண்டை ஒரேயடியாக அப்பாமல், மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்வதற்குள் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, மறுநாள் அடுத்த பூச்சு. பிறகு தினமும் தண்ணீர் தெளிக்கணும். நான் வேலையிலிருந்து வந்ததும் ஒரு தெளிப்பு, தூங்கப் போகுமுன் ஒரு தெளிப்பு, எழுந்ததும் ஒரு தெளிப்பு. ஒரு பிள்ளையை வளர்ப்பது மாதிரி வளர்த்தேன் என்று சொல்லலாம். என் பெண் நிவேதாவைக்கூட இப்படி மூன்று வேளை நான் பார்த்ததில்லை. அப்போது நைட் ஷிஃப்ட் ஆரம்பித்துவிட்டது.

ஒவ்வொன்றையும் இந்திராணிக்குப் போனில் சொன்னேன். இதில் நான் குறை வைக்கவில்லை. "இன்னிக்குத் துரு சுரண்டியாச்சு." "சரி." "முதல் பூச்சு நின்னுடுச்சு." "சரி." "பட்டி ஒரு கோட் ஆச்சு." "சரி." ஊரில் இல்லாத சரி. பொங்கலுக்காவது வாயேன் என்றேன். "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். "ஒரு கோட் பாக்கி." "அப்ப முடியட்டும்."

நிவேதா ஓசூரில் இருக்கிறாள், அவளும் போனில் ஒரு நாள் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அம்மா ஓட்டையப் பத்தியா பேசுறாங்க?" என்றாள். "பின்ன எதப் பத்தி?" என்றேன். "எனக்கும் சொல்லலப்பா. நீங்க அம்மாகிட்ட ஏதாவது கேட்டீங்களா?" கேட்காமல் என்ன? ஏன் சொல்லல, ஏன் சொல்லல என்று பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். "அது இல்லப்பா" என்று வைத்துவிட்டாள். அம்மாவும் பெண்ணும் இப்படித்தான், பாதியில் நிறுத்திவிட்டு மீதியை நாம் கண்டுபிடிக்கணும்.

மச்சினன் கருணாகரன் ஒரு நாள் பேசினான். "மாமா, அக்காவ எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். தோள்பட்டை இறுகிப்போச்சாம், கைய மேல தூக்க முடியல" என்றான். ஐம்பது வயதில் பெண்களுக்கு அது வரும். பண்ணையில் விசாரித்தேன், இரண்டு பேர் வீட்டில் அப்படியாம். "எக்சர்சைஸ் பண்ணச் சொல்லுப்பா, சரியாயிடும்" என்றேன். "நீங்களே சொல்லுங்க" என்றான். அவனும் அந்த வீட்டு ஆள்தானே.

என்ன கேட்டீங்க? அந்தக் காரை எவ்வளவு கனம் இருந்ததா? நல்ல கனம்தான். அவள்தான் அள்ளி ஒரு சாக்கில் போட்டு பால்கனி மூலையில் வைத்திருந்தாள். பிறகு நான்தான் கீழே கொண்டுபோய்க் கொட்டினேன். அரை லிட்டர் பால் பாக்கெட் எட்டு சேர்ந்தால் எவ்வளவு? அவ்வளவு இருக்கும். எனக்கு ஒரு கையே போதும், அவளுக்குத் தூக்க முடியவில்லை போல. இழுத்துத்தான் கொண்டுபோய் வைத்திருக்கிறாள், தரையில் கீறல் இருந்தது.

யாரு, அவளா? சொன்னேனே, சுவர்ப் பக்கம். விழுந்தது என் பக்கம்.

நான் எப்படிப் பார்ப்பேன் சவரிமுத்து? நான்தான் பண்ணையில் இருக்கிறேனே. எப்போதும் சுவர்ப் பக்கம்தான் படுப்பாள். தனியாகப் படுத்தாலும் அங்கேதான். நான் பகலில் படுக்கவில்லையா, அது மாதிரி.

என்னது?

உங்க வீட்டுக்காரம்மாவா? நீங்க சென்னைக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனால் உங்க பக்கத்தில் படுத்துக்குவாங்களா? தினமுமா? எதற்காம்? கேட்டால் சொல்ல மாட்டாங்களாம். ஃபேன் காத்து அங்கேதான் நல்லா வருதுன்னு மழுப்புவாங்களாம். இருக்கும், இருக்கும். காத்துக்காகத்தான் இருக்கும்.

இங்கே காத்து அந்தப் பக்கம்.

...

இல்லை, ஒன்றுமில்லை. தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தச் சிவப்புப் பூவைத்தான் யோசிக்கிறேன். அடையாளம் தைத்த பிறகு தலையணை மாற வழியே இல்லையே. மாற்றி வைத்தால் பூ காட்டிக்கொடுத்துவிடும். பூ என்றைக்கும் என் பக்கத்தில்தான் இருந்தது. அப்படியும் முடி கிடந்தது. தைலமும் அதில்தான். நான் திருப்பிப் போட்டுப் படுத்தேனே, அந்தப் பக்கமும் வாசனை இருந்தது. அவளுடைய தலையணையை நான் முகர்ந்து பார்த்ததில்லை. அது எப்போதும் ஜவுளிக்கடைப் புதுத் துணி மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கும்.

விரிப்பு மாற்றியிருந்தது அன்றைக்கு.

வியாழக்கிழமை எனக்கு லீவு, சவரிமுத்து. லீவு ராத்திரியில் எனக்குத் தூக்கம் வராது, பழக்கம் அப்படி. ஹாலில் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இல்லையென்றால் மொட்டை மாடியில் நடப்பேன். அவள் தூங்கட்டும், எழுப்ப வேண்டாம் என்று இந்த அறைக்குள் வரவே மாட்டேன். கதவைக்கூட சாத்திவிடுவேன். நல்ல எண்ணத்தில்தான் சாத்தினேன். இருபத்து மூன்று வருஷம். அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. எங்கே படுப்பாள், எப்படிப் படுப்பாள், எனக்கு என்ன தெரியும்? நான் பாட்டுக்கு உங்களிடம் சுவர்ப் பக்கம், சுவர்ப் பக்கம் என்கிறேன்.

ஆள் இல்லாத பக்கம் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

இந்தக் கட்டையைப் பிடிங்க. போனை எடுங்க, ஜன்னல் திண்டில் இருக்கு. இல்லை, நீங்க வெளியே போக வேண்டாம். உட்காருங்க. இவ்வளவு கேட்டாச்சு, இதையும் கேளுங்க.

ஹலோ. நான்தான்.

இல்ல, சீலிங் பத்தி இல்ல. பெயிண்டர் வந்திருக்காரு... இல்ல, இன்னும் முடியல. அது கெடக்கட்டும். இந்திரா, தோள்பட்டை எப்படி இருக்கு?

ஹலோ? இருக்கியா?

எந்தத் தோளா?

இரு, வைக்காத. வைக்காத, இரு.

எந்தத் தோள் என்று கேட்கிறாள், சவரிமுத்து. எந்தத் தோள்னு சொல்லுங்க பாப்போம் என்கிறாள். கருணாகரன் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லையே. ஏணியைக் கொஞ்சம் நகர்த்துங்க. இந்தத் தடம் தலைமாடு, இது கால்மாடு. இதுதான் என் பக்கம். கதவு இடது கைப்பக்கம் வரும். தூள் இருந்தால் இருக்கட்டும், சட்டை துவைத்துக்கொள்ளலாம். இப்படி மல்லாந்து படுத்தால் ஓட்டை நேரே வருது. இரண்டு தோளுக்கும் நடுவில் வருது. அப்படியென்றால் அவள் மல்லாந்து படுத்திருக்க முடியாது, மூக்கும் முகமும் போயிருக்கும். ஒருக்களித்துத்தான் படுத்திருக்கணும். சுவரைப் பார்த்தா? கதவைப் பார்த்தா? இப்படியா, அப்படியா? இங்கிருந்து பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.

தெரியல இந்திரா. நீ எப்படிப் படுப்பேன்னு எனக்குத் தெரியல.

ம்.

ம்.

நான் வரட்டுமா? இப்பவே கிளம்பினா மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்.

இல்ல. தூங்கல.

சரி.

...

வைத்துவிட்டாள்.

வலதாம். "கதவப் பாத்துதான் படுப்பேன். அப்ப வலது தோள்தான மேல இருக்கும்" என்றாள். கோபமாக வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் வரட்டுமா என்று கேட்டேன். வாங்க என்று சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "இன்னும் தூங்கலையா நீங்க?" என்று கேட்டாள். தூங்கல என்றேன். அவ்வளவுதான் பேச்சு. எழுபத்தோரு நாளில் இவ்வளவு நேரம் அவள் போனை வைக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

கையைக் கொடுங்க, எழுந்திருக்கிறேன். முட்டி பிடித்துக்கொண்டுவிட்டது.

நீங்க அடிங்க சவரிமுத்து. பிரைமரைத் திறங்க. எந்தக் கோடு? அதுவா, இருக்கட்டும், தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். நான் பஸ்ஸைப் பிடிக்கணும். முடித்துவிட்டுச் சாவியை எதிர் வீட்டு அம்மாவிடம் கொடுத்துடுங்க. ஜன்னலைத் திறந்து வைங்க, இல்லாவிட்டால் காயாது. திறக்க வராது, தாளோடு சேர்த்து ஒட்டியிருக்கேன். கிழிச்சுடுங்க. எல்லாக் கண்ணாடியிலும்தான்.

பஸ் ஸ்டாண்டில் மருந்துக் கடை இருக்குமில்லையா? தைலம் ஒன்று வாங்கணும். அவள் தேய்க்கிறது எந்தத் தைலம் என்று பெயர் தெரியாது. கேட்க மறந்துவிட்டேன். பரவாயில்லை. நாலைந்து பாட்டிலைத் திறந்து காட்டச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவேன். பதினொரு நாள் அந்த வாசனையில்தானே தலை வைத்துப் படுத்திருந்தேன்.